நாளுக்கு 100 கிலோ அம்மோனியா, காத்தாடிக் கரண்டு: எந்தக் கேட்டலிஸ்ட் போடறது?

#1 · பல்லடம்_காத்தாடி

வணக்கமுங்க. பல்லடம்–தாராபுரம் ரோட்டுப் பக்கம் காத்தாடிக் கரண்டும் கொஞ்சம் சோலாரும் சேர்த்து, நாளுக்கு 100 கிலோ அம்மோனியா எடுக்கிற சின்ன பிளான்ட் ஒண்ணுக்குக் கணக்குப் போட்டுட்டிருக்கறனுங்க. ஹைட்ரஜனுக்கு தண்ணியைக் கரண்டுல உடைச்சு 30 பார்ல (காத்தழுத்தம் போல 30 மடங்கு) வெளியே தர்ற பி.இ.எம். எலக்ட்ரோலைசர், நைட்ரஜனுக்கு அதைக் காத்துல இருந்து பிரிக்கிற பி.எஸ்.ஏ. அது வரைக்கும் தெளிவா இருக்குதுங்க. அதுக்கு மேல, இது ரெண்டையும் சூடு, அழுத்தத்துல கேட்டலிஸ்ட் (வினையூக்கி) மேல ஓட்டி அம்மோனியாவாக்கற ஹேபர் முறையில குழப்பம்:

ருத்தேனியம் கேட்டலிஸ்ட் போட்டா 30 பார்லயே ஓடும், கம்ப்ரசரே வேண்டாம்னு ஒரு சப்ளையர் சொல்றாங்க. சரிங்களா?

கரண்டு மட்டும் குடுத்து, சூடே இல்லாம, தண்ணியும் காத்தும் வெச்சு அம்மோனியா பண்றாங்கன்னு கட்டுரை வருது. அதுக்குக் காத்திருக்கலாமா?

விக்கறதுக்கு ஐஸ் பேக்டரி, கோல்டு ஸ்டோரேஜ், கோயமுத்தூர்ல நைட்ரைடிங் (இரும்பு மேல்பரப்பை அம்மோனியாவுல கெட்டியாக்கறது) பண்ற ஹீட் ட்ரீட்மென்ட் கடைங்க. மிச்சத்தை மஞ்சளுக்குச் சொட்டுநீர்ல விடலாம்னு எண்ணம்.

#2 · வினையூக்கிக்_கிறுக்கன்

முதல்ல அளவுங்க. 1 கிலோ அம்மோனியாவுக்கு ஹைட்ரஜன் 178 கிராம், நைட்ரஜன் 822 கிராம். 100 கிலோவுக்கு நாளுக்கு 17.8 கிலோ ஹைட்ரஜன், மணிக்கு 8.2 நார்மல் கன மீட்டர். நைட்ரஜன் மணிக்கு 2.7 கன மீட்டர். எலக்ட்ரோலைசர் கிலோவுக்கு 55 யூனிட் தின்னும்னு வெச்சா நாளுக்கு 980 யூனிட், அதாவது சராசரி 41 கிலோவாட் அதுக்கு மட்டும். பி.எஸ்.ஏ., கம்ப்ரசர், சர்க்குலேட்டர், சில்லர், ஹீட்டர் எல்லாம் சேர்ந்தா இந்த அளவுல 58–60 கிலோவாட் வரும். கிலோ அம்மோனியாவுக்கு 14 யூனிட். பெரிய பிளான்ட்ல இது 10 யூனிட் பக்கம் நிக்கும். யூனிட் 4 ரூபாய்னு போட்டாலும் உங்க கிலோவுக்குக் கரண்டு மட்டும் 56 ரூபாய். கேட்டலிஸ்டை மாத்தி இதுல மிச்சம் புடிக்கிறது சில்லறை. கேட்டலிஸ்டோட உண்மையான வேலை வேற இடத்துல இருக்கு.

30 பார் விஷயத்துக்கு வர்றேன். கேட்டலிஸ்ட் எவ்வளவு கெட்டிக்காரனா இருந்தாலும் சமநிலையைத் தாண்டாது. 1 நைட்ரஜன், 3 ஹைட்ரஜன் கலவையில 30 பார், 450 டிகிரியில சமநிலையில இருக்கிற அம்மோனியா 5.8 சதவீதம்தான். 400ல 10. 350ல சுமார் 18. 100 பார்ல 450ன்னா 16, 400ன்னா 25. இரும்பு கேட்டலிஸ்ட் 400க்குக் கீழ போகப்போக மந்தமாயிரும், அதனால அழுத்தம் கேக்குது. ருத்தேனியம் 350லயே சுறுசுறுப்பா இருக்கும். சப்ளையர் சொன்னது இந்த வரைக்கும் நெசம்.

ஆனா உண்டான அம்மோனியாவை வெளிய எடுக்கணுமில்லீங்களா? −20 டிகிரிக்குக் குளிர்விச்சாலும் அம்மோனியாவோட ஆவி அழுத்தம் 1.9 பார் இருக்கும். 30 பார் கேஸ்ல அது 6 சதவீதத்துக்கு மேல. அந்த 6 சதவீதம் திரவமாகாம ரியாக்டருக்கே திரும்பிப் போகும். 120 பார்ல அதே −20ல கணக்குப்படி 1.6 வரும், அதிக அழுத்தத்துல கேஸ் ஐடியலா நடந்துக்காததால நடைமுறையில 3 சதவீதம்னு எடுத்துக்குங்க. அழுத்தத்தைக் குறைச்சு ரியாக்டர்ல சம்பாதிச்சதைச் சில்லர்ல விட்டுருவீங்க.

#3 · நொய்யல்_ஓரம்

கூலிங் டவர் போதாதுங்களா, சில்லர் எதுக்கு?

#4 · வினையூக்கிக்_கிறுக்கன்

சித்திரை வெயில்ல டவர் தண்ணியை வெச்சு கேஸை 35 டிகிரிக்குத்தான் கொண்டுவர முடியும். 35ல அம்மோனியாவோட ஆவி அழுத்தம் 13.5 பார். 120 பார்ல 11 சதவீதம் ஆச்சு. ரியாக்டர்ல இருந்து வர்றதே 12 சதவீதம். சொட்டுக்கூட விழாதுங்க. டவர் பாதிச் சூட்டை எடுக்கும், மிச்சம் சில்லர்தான்.

குறைஞ்ச அழுத்தம்தான் வேணும்னா திரவமாக்காம உறிஞ்சுற வழி இருக்கு. மெக்னீசியம் குளோரைடு ஒரு மூலக்கூறுக்கு 6 அம்மோனியாவையும், கால்சியம் குளோரைடு 8 வரைக்கும் புடிச்சு வெச்சுக்கும், 150–200 டிகிரியிலகூட. ரெண்டு தொட்டி வெச்சு, ஒண்ணு உறிஞ்சும்போது இன்னொண்ணைச் சூடு பண்ணி அம்மோனியாவை விடுவிக்கணும். அமெரிக்காவுல மினசோட்டா பல்கலைக்கழகம் இதுல நெறைய வேலை பண்ணியிருக்கு, அவங்க மோரிஸ் ஊர்ல 2013லயே காத்தாடிக் கரண்டுல வருஷம் சுமார் 25 டன் அம்மோனியா எடுக்கிற பிளான்ட் போட்டாங்க, கிட்டத்தட்ட உங்க அளவு. சிக்கல் என்னன்னா அந்த உப்பு உறிஞ்சி உறிஞ்சி விடும்போது வீங்கிச் சுருங்கிப் பொடியாகும். குளோரைடுப் பொடி இரும்புக் கேட்டலிஸ்டுக்குத் திரும்பிப் போச்சுன்னா அந்தக் கேட்டலிஸ்ட் அவ்வளவுதான், நிரந்தர விஷம். சிலிக்கா மாதிரி தாங்கியில ஏத்தி, நடுவுல மெல்லிய சின்டர்டு பில்டர் போட்டாகணும்.

#5 · கார்பன்_எதிரி

எலக்ட்ரோகெமிக்கல் முறையை ஒரே அடியா ஒதுக்காதீங்க சார். 2021ல ஆஸ்திரேலியாவுல மோனாஷ் ஆளுங்க லித்தியம் வழியா பாஸ்போனியம் உப்பு போட்டு நல்ல எபிஷியன்சி காமிச்சிருக்காங்க. நைட்ரஜனோட முப்பிணைப்பு 945 கிலோஜூல், அதை சூடில்லாம உடைக்கிறது சும்மா இல்லை.

#6 · ஈரோட்டு_இரசாயனி

ஒதுக்கவில்லை. ஆனால் நாளுக்கு 100 கிலோ வேண்டும் என்பவரிடம் அதைச் சொல்வது, தாகம் என்றவருக்கு மழைமேகம் காட்டுவது போல.

லித்தியம் முறையில் முதலில் லித்தியம் அயனியை உலோகமாகப் படிய வைக்க வேண்டும். அதன் மின்னழுத்தம் ஹைட்ரஜன் மின்முனையை ஒப்பிட −3.04 வோல்ட். மின்னோட்டத்தில் ஒவ்வொரு எலக்ட்ரானும் அம்மோனியாவாகவே மாறினாலும் ஆற்றல் திறன் 30 சதவீதத்தைத் தாண்ட இந்த மின்னழுத்தமே விடாது. எலக்ட்ரோலைசரும் ஹேபர் சுற்றும் சேர்ந்தால் பெரிய பிளான்ட்டில் 50 சதவீதத்துக்கு மேல். கரண்டுதான் செலவு என்று மேலே கணக்கு வந்துவிட்டது, மிச்சத்தை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

தண்ணீரில் நேரடியாகச் செய்ததாக வரும் கட்டுரைகளை இன்னும் சந்தேகத்தோடு படியுங்கள். அவற்றில் பலவற்றில் கிடைக்கும் அம்மோனியா மைக்ரோமோல் அளவு. அந்த அளவு அறைக் காற்றிலும், மூச்சிலும், ரப்பர் கையுறையிலும், நைட்ரஜன் சிலிண்டரில் கலந்த நைட்ரஜன் ஆக்சைடுகளிலும், உப்பில் ஒட்டிய நைட்ரேட்டிலும் இருந்தே வந்துவிடும். நைட்ரஜன்-15 ஐசோடோப்பு (எடை கூடிய நைட்ரஜன்) வாயுவைச் செலுத்தி, அதே அளவு நைட்ரஜன்-15 அம்மோனியா வருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த 15ஆம் ஐசோடோப்பு சிலிண்டரையே முதலில் சுத்தப்படுத்த வேண்டும், அதிலும் அம்மோனியா கலந்திருக்கும். 2019ல் நேச்சர் இதழில் இந்தச் சோதனை முறையை வரிசையாக எழுதி வெளியிட்டார்கள். ஆர்கானில் ஓட்டிய வெற்றுச் சோதனை இல்லாத கட்டுரையை அப்படியே மூடிவிடலாம்.

#7 · பல்லடம்_காத்தாடி

அப்போ இரும்பா, ருத்தேனியமா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.

#8 · வினையூக்கிக்_கிறுக்கன்

இரும்பு. ஆனா எந்த இரும்புன்னு பார்க்கணும்.

பழைய வழி மேக்னடைட், ஒரு இரும்பு ஆக்சைடுத் தாது. ஜெர்மனியில பி.ஏ.எஸ்.எப். கம்பெனியில மிட்டாஷ் ஆயிரக்கணக்கான கலவையைச் சோதிச்சும், கடைசியில தேறினது ஸ்வீடன் மேக்னடைட் தாதுல இருந்த அழுக்குகளால. அலுமினா, பொட்டாசியம், கால்சியம் இது மூணும் சேர்ந்ததுதான் இன்னைக்கு வரைக்கும் அடிப்படை. 1913ல ஜெர்மனி ஓப்பாவ்ல தொடங்கின அந்தக் குடும்பம் 100 வருஷம் தாண்டியும் சந்தையில நிக்குது. அலுமினா இரும்புத் துகள் ஒட்டிக்காம நடுவுல நிக்குற கம்பு மாதிரி, பொட்டாசியம் எலக்ட்ரானைக் குடுத்து நைட்ரஜனை உடைக்கத் தூண்டுது.

அடுத்தது வுஸ்டைட், ஆக்சிஜன் இன்னும் குறைவா இருக்கிற இரும்பு ஆக்சைடு. 1986ல சீனாவுல செஜியாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல லியூ ஹுவாஜாங் குழு கண்டது. மேக்னடைட்டை விடச் சீக்கிரம் ரெட்யூஸ் ஆகும் (ஹைட்ரஜன்ல ஆக்சிஜன் போயி இரும்பாகும்), கொஞ்சம் குறைஞ்ச சூட்லயே வேலை செய்யும். உங்களுக்கு இதுதான் பொருத்தம், அதுவும் ப்ரீ-ரெட்யூஸ்டா (கம்பெனியிலயே இரும்பாக்கினதா) வாங்குங்க. ஏன்னு கீழ யாராவது கேப்பீங்க, அப்போ சொல்றேன்.

ருத்தேனியம் ஏன் வேண்டாங்கறேன்: உலகத்துல வருஷம் 30 டன் அளவுதான் சுரங்கத்துல இருந்து வருது, பிளாட்டினத்தோட உபபொருள். விலை அதோட ஆடும். தாங்கி கார்பன்னா, சூட்ல ஹைட்ரஜன் அந்தக் கார்பனையே மீத்தேனாக்கித் தின்னுரும். பேரியம், சீசியம் ஏத்தினாத்தான் ஓடும். இன்னொண்ணு, இரும்பை அடக்குறது அம்மோனியா, ருத்தேனியத்தை அடக்குறது ஹைட்ரஜன். அதனால அதுல ஹைட்ரஜன்–நைட்ரஜன் விகிதத்தை 3க்குப் பதிலா 1.5–2ல வெச்சு ஓட்டணும். 1992ல கனடாவுல கிட்டிமட் பிளான்ட்ல கெல்லாக் கம்பெனி இதை வணிக ரீதியா ஓட்டிக் காமிச்சாங்க, 90 பார் பக்கம். பெரிய பிளான்ட்டுல கணக்கு வரும்.

ஜப்பான்ல ஹோசோனோ குழுவோட எலக்ட்ரைடு வழி 2012ல வந்தது. கால்சியம் அலுமினேட்டுல ஆக்சிஜனை எடுத்துட்டு அந்தக் கூண்டுல எலக்ட்ரானை வெச்சு, மேல ருத்தேனியம். நம்ம மதுக்கரை சிமென்ட்டு ஆளுங்களுக்குப் பழக்கமான கால்சியம் அலுமினேட்டு இனம்தான் அந்தத் தாங்கி, அதைப் பார்க்கும்போது சிரிப்பு வருது. ஹைட்ரஜன் விஷம் இதுல குறைவு. ருத்தேனியமே வேண்டாம்னு கோபால்ட்–மாலிப்டினம் நைட்ரைடு, லந்தனம் நைட்ரைடுல நிக்கல், லித்தியம் ஹைட்ரைடோட இரும்பு எல்லாம் ஆய்வுல நல்லா இருக்கு. ஹைட்ரைடும் நைட்ரைடும் ஈரத்துல கெட்டுப்போற ஜாதி, கேஸ் சுத்தம் பிசகினா முதல்ல சாகுறது இதுதான்.

#9 · பெருந்துறை_பாய்லர்

மெட்டீரியலை யாரும் பேசலியேங்க. சாதா கார்பன் ஸ்டீல் பைப்பை எடுத்து வெல்டு அடிச்சிராதீங்க. சூட்ல ஹைட்ரஜன் ஸ்டீலுக்குள்ள போயி அதுல இருக்கிற கார்பனோட சேர்ந்து மீத்தேனாகும், வெளியே வர முடியாம உள்ளேயே வெடிப்பு விடும். பி.ஏ.எஸ்.எப். பாஷ் 1911 வாக்குல இதுல மாட்டித்தான் உள்ளே மென்மையான இரும்பு லைனரும் வெளி ஷெல்லுல ஓட்டையும் போட்டாரு.

உங்க அளவுக்கு: உள்ளே தனி பேஸ்கெட், அதுல கேட்டலிஸ்ட். வெளி ஷெல்லுக்கும் பேஸ்கெட்டுக்கும் நடுவுல உள்ளே வர்ற குளிர்ந்த கேஸ் கீழிருந்து மேல ஓடணும். ஷெல் 200க்குக் கீழேயே நிக்கும், அழுத்தம் தாங்குறது அது. சூடு தாங்குறது பேஸ்கெட், அதுக்கு 321 ஸ்டெயின்லெஸ். ஷெல்லுக்கு பி-22 குழாய், 2.25 குரோமியம் 1 மாலிப்டினம், பாய்லர் வேலை பண்ற நம்மூர் கடைங்களுக்கு பழக்கமானது. வெல்டுக்கு முன்னாடி ப்ரீஹீட், முடிஞ்சதும் ஸ்ட்ரெஸ் ரிலீவ் (மறுபடி சூடாக்கி இறுக்கம் தளர்த்தறது), அதுல சமரசமே வேண்டாம். நெல்சன் வரைபடத்துல (ஹைட்ரஜன்ல எந்த ஸ்டீல் எவ்வளவு சூடு தாங்கும்னு காட்டறது) உங்க ஹைட்ரஜன் பகுதி அழுத்தத்தை வெச்சுப் பார்த்துட்டு பொருள் எடுங்க.

கேஜ், வால்வு, பிட்டிங் எதுலயும் பித்தளையோ செம்போ இருக்கக்கூடாது. அம்மோனியா பித்தளையை வெடிக்க வெச்சுரும், கேஜுக்குள்ள இருக்கிற போர்டன் குழாயும் ஸ்டெயின்லெஸ்ஸான்னு கேட்டு வாங்குங்க.

#10 · வினையூக்கிக்_கிறுக்கன்

பேஸ்கெட் அளவு: சுத்துல (ரியாக்டர், சில்லர்னு கேஸ் திரும்பத் திரும்ப ஓடற வட்டத்துல) 68 கன மீட்டர் கேஸ் மணிக்கு ஓடி, அம்மோனியா 3ல இருந்து 12 சதவீதமா ஏறினா உங்க மணிக்கு 4.2 கிலோ கிடைச்சிரும். மணிக்குக் கேட்டலிஸ்ட் பருமனைப் போல 10,000 மடங்கு கேஸ்னு எடுத்தா 7 லிட்டர் போதும். வயசானா ஆக்டிவிட்டி குறையும், 10 லிட்டர் போடுங்க. 100 மில்லிமீட்டர் உள்விட்டம், உயரம் 1.27 மீட்டர். மேக்னடைட் ஆக்சைடா வாங்கினா லிட்டர் 2.8 கிலோ, ஆக மொத்தம் 28 கிலோ. 1.5–3 மில்லிமீட்டர் துகள். போடறதுக்கு முன்ன சலிங்க, தூள் இருந்தா கேஸ் ஒரே வழியில பாஞ்சு சேனலாகும். கீழ அலுமினா உருண்டை, ஸ்டெயின்லெஸ் வலை.

அம்மோனியா 1 சதவீதம் ஏறினா கேஸ் 14–15 டிகிரி சூடாகும். 9 சதவீதத்துக்கு 130 டிகிரி. உள்ளே 370ன்னா வெளியே 500. இது நடுவுல எங்கயும் 520ஐத் தாண்டக்கூடாது, தாண்டினா இரும்புத் துகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிப் பரப்பு போயிரும். பெட்டை ரெண்டாப் பிரிச்சு நடுவுல குளிர்ந்த கேஸ் விடுங்க. நடு அச்சுல 5 தெர்மோகப்பிள் போடுங்க, ஒண்ணு போதாது.

சூடு அதிகம்னு சொன்னதும் ஹீட்டர் வேண்டாம்னு நினைச்சிராதீங்க. மொத்த வினைச்சூடு 3.5 கிலோவாட்தான். சின்ன ரியாக்டர்ல காப்பு சுமாரா இருந்தா அதுல பாதி சுவர் வழியா போயிரும், தானா ஓடாது. 6 கிலோவாட் எலக்ட்ரிக் ஹீட்டர் ஸ்டார்ட்டுக்கும் பகுதி லோடுக்கும் வேணும்.

#11 · நொய்யல்_ஓரம்

ப்ரீ-ரெட்யூஸ்டு ஏன்னு நான் கேக்கறேன்.

#12 · வினையூக்கிக்_கிறுக்கன்

ஆக்சைடா வந்த மேக்னடைட்டை ஹைட்ரஜன்ல ரெட்யூஸ் பண்ணா 1 கிலோவுக்கு 280 கிராம் தண்ணி வரும். 28 கிலோவுக்கு 7.8 கிலோ தண்ணி. அந்த ஆவி ஏற்கனவே இரும்பான பகுதி மேல போனா அதைத் திரும்ப ஆக்சைடாக்கி, படிகத்தைப் பெருசாக்கிரும். அதனால வெளியேறுற கேஸ்ல தண்ணி 3,000 பிபிஎம்மை (10 லட்சத்துல 3,000 பங்கை) தாண்டாம புடிக்கணும். 68 கன மீட்டர் சுத்துனா மணிக்கு 160 கிராம் தண்ணிதான் வெளியே வரும், ஆக 48 மணி நேரம், அதுவும் சீரா போனா. 350 டிகிரியில தொடங்கும், கடைசியில 480–490. இடையில தண்ணி பிபிஎம் எகிறினா சூட்டை நிறுத்தி வைக்கணும், ஆளு ராத்திரி முழுக்க உக்காந்திருக்கணும். அவசரப்பட்டு ஒரு நாள்ல முடிச்சா அந்தக் கேட்டலிஸ்ட் வாழ்நாள் முழுக்க மந்தமாவே இருக்கும், சரி பண்ண வழி கிடையாது.

ப்ரீ-ரெட்யூஸ்டுல மேல் தோல் மட்டும் ஆக்சைடு. தண்ணி சொற்பம், நேரமும் அதுல மூணுல ஒரு பங்கு பக்கம். ஆனா டிரம்மைத் திறந்து வெச்சுட்டு டீ குடிக்கப் போயிராதீங்க. தோல் கிழிஞ்சா காத்துல சூடேறும். கழட்டும்போது இன்னும் மோசம், ரெட்யூஸ் ஆன இரும்பு காத்துல தானா தீப்புடிக்கும். நைட்ரஜன் ஓட்டத்துல, துளித்துளியா ஆக்சிஜன் சேர்த்து மெதுவா ஆக்சைடாக்கித்தான் வெளியே எடுக்கணும்.

#13 · ஈரோட்டு_இரசாயனி

இந்த இழையில் மிக முக்கியமான பகுதி இன்னும் வரவில்லை: கேஸ் சுத்தம். தண்ணீர், கார்பன் மோனாக்சைடு, டை ஆக்சைடு, ஆக்சிஜன் எல்லாம் சேர்த்து 5–10 பிபிஎம்முக்குள். ஆக்சிஜன் உள்ள சேர்மங்கள் தற்காலிக விஷம், சுத்தமான சூடான கேஸில் திரும்பும், ஆனால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இழப்பு. கந்தகம், குளோரின் திரும்பாதவை.

பி.எஸ்.ஏ. விற்பவர் 99.9 என்றால், அந்த எண்ணில் ஆர்கானும் நைட்ரஜனாகச் சேர்க்கப்பட்டிருக்கும். மிச்சம் 1,000 பிபிஎம் ஆக்சிஜன். அதைப் பல்லேடியம் டீஆக்சோவில் (ஆக்சிஜன் நீக்கும் தொட்டியில்) ஹைட்ரஜனோடு தண்ணீராக்கி, பிறகு 3ஏ மூலக்கூறு சல்லடையில் உலர்த்தி, பனிநிலையை (ஈரம் பனியாகப் படியும் வெப்பநிலை) −70 டிகிரிக்குக் கொண்டுவந்தால் ஈரம் சுமார் 2.6 பிபிஎம். டீஆக்சோவுக்கு முன் எண்ணெய் இல்லாத கம்ப்ரசர், ஆக்டிவ் கார்பன். ஆர்கான் வினையில் சேராது, சுற்றிலேயே தேங்கும். 5 சதவீதத்தில் நிறுத்த வேண்டுமானால் மணிக்கு அரை கன மீட்டர் கேஸை பர்ஜாக வெளியே விட வேண்டும், உள்ளே வரும் 11ல் அது 5 சதவீத இழப்பு.

காற்று எடுக்கும் இடத்தைப் பார்த்து வையுங்கள். பல்லடத்தில் கோழிப்பண்ணையும் பஞ்சுத் தூசியும், கோவையில் பவுண்டரிப் புகையும். பவுண்டரிப் பக்கம் வரும் சல்பர் டை ஆக்சைடு பி.எஸ்.ஏ.வில் உள்ள கார்பன் சல்லடைக்கும் ஆகாது, இரும்புக்கும் ஆகாது.

தண்ணீர் எளிது. தத்துவக் கணக்கு நாளுக்கு 160 லிட்டர். திருப்பூர்ச் சாயப்பட்டறைகளுக்கு ஆர்.ஓ. ஓட்டத் தெரிந்தவர்களுக்கு போர் தண்ணீரை மின்கடத்தல் 1 மைக்ரோசீமென்ஸுக்குக் கீழ் கொண்டுவருவது புதிதல்ல.

#14 · உடுமலை_விண்டு

காத்து இல்லாத நேரத்துக்கு என்ன வழி? நம்ம பாலக்காட்டுக் கணவாய்க் காத்து வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் பிச்சுக்கிட்டு அடிக்கும், அப்புறம் சோலார்தான்.

#15 · வினையூக்கிக்_கிறுக்கன்

இங்கதாங்க கேட்டலிஸ்டோட நெசமான சோதனை. தினமும் ஆறவெச்சு சூடேத்துனா இரும்பு சீக்கிரம் கிழவனாகும், பேஸ்கெட் வெல்டும் தளரும். நிறுத்தாம 40 சதவீத லோடுல ராத்திரியைக் கழிங்க. 12 மணி நேரத்துக்கு 3.6 கிலோ ஹைட்ரஜன் வேணும். 30 பார் டேங்கை 10 பார் வரைக்கும் இறக்கினா கன மீட்டருக்கு 1.6 கிலோ கிடைக்கும், ஆக 2.2 கன மீட்டர் டேங்க். அதுக்குமேல காத்து இல்லைன்னா சுத்தை அழுத்தத்தோடயே அடைச்சு, ஹீட்டர்ல 350 டிகிரிக்குக் குறையாம வெச்சிருங்க. முழுசா நிறுத்தினா மணிக்கு 40 டிகிரிக்கு மேல ஏத்தவோ இறக்கவோ வேண்டாம், 5 பார் சுத்த நைட்ரஜன்ல மூடி வைங்க. டென்மார்க்ல ராம்மே ஊர்ல 2024ல தொடங்கின 10 மெகாவாட் பிளான்ட், ஹைட்ரஜன் டேங்கே இல்லாம காத்தோட போட்டி போட்டு லோடை மாத்தறதுக்குன்னே கட்டினது. அது பெரிய கை, கண்ட்ரோல் நமக்கு எட்டாது.

#16 · கீழ்பவானி_வெள்ளாமை

மஞ்சளுக்கு விடறது பத்தி ஒரு வார்த்தைங்க. அம்மோனியாத் தண்ணியைச் சொட்டுநீர்ல விட்டா கார நிலை ஏறி, நம்ம போர் தண்ணியோட கடினத்துக்குச் சுண்ணாம்பு அங்கேயே படியும். ரெண்டாவது மாசம் டிரிப்பர் பூரா வெள்ளையா அடைச்சுக்கும். அமிலத்துல நடுநிலையாக்கி அமோனியம் சல்பேட்டா விடுங்க. யூரியா ஆக்கலாம்னா 1 டன்னுக்கு 0.57 டன் அம்மோனியாவோட 0.73 டன் கார்பன் டை ஆக்சைடும் வேணுமுங்க, காத்தாடியில அது வராது.

#17 · பெருந்துறை_பாய்லர்

நைட்ரைடிங் கடைக்காரங்க ஈரம் 0.2 சதவீதத்துக்கு ரொம்பக் கீழ கேப்பாங்க. அதே நேரம் கார்பன் ஸ்டீல் டேங்க்ல வெச்சா 0.2 சதவீதம் தண்ணி இருந்தாத்தான் ஸ்ட்ரெஸ் வெடிப்பு வராது. ரெண்டும் ஒரே டேங்க்ல ஆகாது, நைட்ரைடிங்குக்குத் தனி சிலிண்டர். லிட்டருக்கு 0.53 கிலோவுக்கு மேல நிரப்பாதீங்க, வெயில்ல விரியும். 1,000 லிட்டருக்கு மேல டேங்க் வெச்சா எஸ்.எம்.பி.வி. (அழுத்தக் கலன்) விதியில லைசென்ஸ் வேணும்.

#18 · பல்லடம்_காத்தாடி

சரிங்ணா. 120 பார், வுஸ்டைட் ப்ரீ-ரெட்யூஸ்டு 10 லிட்டர், −20 சில்லர், டயாபிரம் கம்ப்ரசர், 2.2 கன மீட்டர் டேங்க். கடைசியா ஒரு சந்தேகம். ரெட்யூஸ் பண்ற முதல் நாள்ல சில்லரை −20லயே ஓட்டலாங்களா?

#19 · வினையூக்கிக்_கிறுக்கன்

கூடாது. அப்போ வர்றது வெறும் தண்ணி, அம்மோனியா இன்னும் உண்டாகலை. −20ல வெச்சா சில்லர் குழாய் ஐஸ் கட்டி அடைச்சுக்கும், சுத்து நின்னு போயிரும். வடியிற தண்ணியில அம்மோனியா 10 சதவீதம் வர்ற வரைக்கும் சில்லரை +5ல வைங்க, இல்லைன்னா சிலிண்டர்ல இருந்து கொஞ்சம் அம்மோனியாவை முன்கூட்டியே சுத்துல விடுங்க. 20 சதவீதத்துக்கு மேல போனதும் படிப்படியா இறக்குங்க. வடிச்ச தண்ணியைத் தினமும் எடை போட்டு எழுதி வைங்க. ப்ரீ-ரெட்யூஸ்டுக்கு சப்ளையர் சொன்ன அளவு வந்து நின்னா ரெட்யூஸ் முடிஞ்சது.